பெண் வேடமும் சிரிப்பும்

ஆண் ஒருவன் பெண்ணுடை தரித்து வந்தால் சபை சிரிக்கிறது. அச்சிரிப்பு யாரைச் சுடுகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

சார்லி சாப்ளின் 1915இல் வெளியிட்ட ‘ஒரு பெண்’ என்னும் ஊமைப்படத்தை நோக்குவோம். பூங்காவில் மனைவி உறங்கும்போது வேற்றுப் பெண்ணைத் தொடர்ந்து சென்ற குடும்பத் தலைவர், தம் வீட்டில் சாப்ளினைக் கண்டதும் சீறுகிறார். தப்பியோடிய சாப்ளின் பெண்ணுடை அணிந்து, மீசையையும் மழித்துவிடுகிறான். உடனே தலைவரும் அவர் தோழரும் அந்த ‘மங்கை’யின்முன் குழைகின்றனர். ஆங்கே நகைப்புக்கு இலக்காவது பெண்ணன்று. பெரிய மனிதரின் போலி ஒழுக்கமே.

இந்தியாவின் நிலை வேறு. 1913இல் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்தபோது நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை. உணவுவிடுதியில் வேலை செய்த சாளுங்கே தாராமதியானார். 1917இல் ‘லங்கா தகன’த்தில் இராமனும் சீதையும் அவரே. அது நகைச்சுவையன்று, பெண்ணைக் கலையரங்கினின்று விலக்கிவைத்த சமுதாயத்தின் விளைவு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் நிகழும் காமன் கூத்திலும் ரதியாக வருபவன் ஆண்மகனே. அவன் புலம்பல் சிரிப்பதற்கன்று. ஆகவே, வேடம் தன்னளவில் நகைப்பை விளைப்பதில்லை. அதை ஆள்வோரின் நோக்கமே விளைக்கின்றது.

நம் பாடசாலைக் கலைவிழாக்களிலோ மாணவனுக்குச் சேலை சுற்றி, முதுகில் கொழுந்துக் கூடை மாட்டி, தோட்டத்துப் பேச்சைப் பழித்துக் கைதட்டல் பெறுகிறோம். கொழுந்து பறிக்கும் தாயின் மகளும் அச்சபையில் அமர்ந்திருக்கிறாள். சாப்ளின் வலியவரை நோக்கி எறிந்த கல்லை நாம் உழைப்பவள்மீது எறியலாமா? நாடகம் எழுதும் ஆசிரிய நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.