இருளைப் பார்த்து வாங்குவது

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், கடைக்குள் நுழைந்ததும் சுவர் முழுவதும் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் திரைகளில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதைச் சுட்டிக்காட்டி விலை கேட்டுவிடுகிறார்கள். புடவைக் கடையில் இவ்வளவு அவசரப்படாதவர்கள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்த பிறகே நிறத்தைத் தீர்மானிப்போம் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடை விளக்கை நம்பிவிடுவது எனக்கு எப்பொழுதும் ஆச்சரியமாகவே இருந்துவருகிறது.

கடையில் என்ன படம் ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பஞ்சவர்ணக் கிளிகள், பவளப் பாறைகளுக்கிடையே நீந்தும் மீன்கள், பனிமலை, குறுக்கே அறுபட்ட ஆரஞ்சுப் பழத்திலிருந்து தெறிக்கும் சாறு. இவை எப்படிக் காட்டினாலும் அழகாகத்தான் இருக்கும், ஏனெனில் அந்தக் கிளியின் உண்மையான பச்சை எது என்பது நமக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, 'விவிட்' என்றோ 'டைனமிக்' என்றோ பெயரிட்ட ஒரு நிலையில் அந்தத் திரைகளை வைத்திருப்பார்கள். அதில் பிரகாசம் உச்சத்துக்கு ஏற்றப்பட்டு, வெண்மையோடு நீலம் கலக்கப்பட்டு, வர்ணங்கள் கல்யாணப் பந்தல் சீரியல் விளக்குகளைப் போல மினுங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் வாங்கப் போகிறவர், தாம் பலமுறை பார்த்துப் பழகிய ஒரு படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், மனித முகம் நிறைந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்வது உத்தமம். முகத்தின் நிறம் பிசகினால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. வீட்டில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். சாதாரணமாக நல்ல பார்வையுள்ள மனிதக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் கீழே போனால் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்தறிய முடியாமல் ஒன்றாகவே காணும். இந்த ஒரு சூட்சுமத்தை வைத்துக்கொண்டே கணக்கு முழுவதையும் போட்டுவிடலாம். ஃபுல் எச்.டி. என்று சொல்லப்படும் திரையில் 1920 புள்ளிகள் அகலவாட்டிலும் 1080 புள்ளிகள் உயரவாட்டிலும் அடுக்கப்பட்டு, மொத்தம் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே என்பதில் இரண்டு பக்கமும் இரட்டிப்பாகி, 83 லட்சத்தை எட்டுகின்றன. திரையின் உயரத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்துவிட்டால், முன்னதன் புள்ளிகளே கண்ணுக்குப் பிரிந்து தெரியாதபோது, பின்னதன் புள்ளிகளால் என்ன கூடுதல் பிரயோஜனம்? 43 இன்ச் திரையின் உயரம் சுமார் 54 சென்டிமீட்டர்; ஆக, ஐந்தரை அடியிலேயே அதன் எல்லை முடிந்துவிடுகிறது. நம் கூடங்களில் சோபா கிடப்பதோ பெரும்பாலும் எட்டு, பத்து அடியில். இன்று பெரிய அளவுகளில் 4கே தவிர வேறு கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் அதை வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்காக மட்டும் கூடுதலாகப் பணம் கொடுப்பதுதான் வீண். பத்தடியில் உட்காருகிறவர் அந்தப் பணத்தில் 55 இன்ச்சுக்குப் போவது மேல்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் வந்தபோது உயரவாட்டில் 625 கோடுகள்தாம்; அவற்றிலும் படத்துக்கென்று பயன்பட்டவை 576. வெள்ளிக்கிழமை மாலையில் 'ஒலியும் ஒளியும்' பார்க்க ஒரு வீட்டுக் கூடத்தில் தெருவே கூடி உட்கார்ந்திருந்த காலத்தில், கடைசி வரிசையில் வாசற்படியில் குந்தியிருந்தவரும் படம் தெளிவில்லை என்று குறைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இப்போது விளங்குகிறது: அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அது உள்ளபடியே தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

இனி விஷயத்தின் இருதயத்துக்கு வருகிறேன். ஒரு திரையின் தகுதியை அதன் வெளிச்சத்தைவிட அதன் இருளே அதிகமாகச் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். எல்.இ.டி. என்று விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை உண்மையில் எல்.சி.டி. திரைகளே, பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க, முன்னால் நுண்ணிய கதவுகள் திறந்தும் மூடியும் படத்தை உண்டாக்குகின்றன. எவ்வளவு இறுக்கி மூடினாலும் கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசியத்தானே செய்யும்? அந்தக் கசிவினால், கன்னங்கரேலென்று இருக்கவேண்டிய அமாவாசை இரவு, சாம்பல் பூசிய விடியற்காலையாகிவிடுகிறது. ஓ.எல்.இ.டி. என்பதிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து, வேண்டாதபோது தானே அடியோடு அணைந்துவிடுவதால், இருள் இருளாகவே நிற்கிறது. 1987-இல் வெளிவந்த 'நாயகன்' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம், முகத்தில் பாதியை வெளிச்சத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியை நிழலில் விட்டுவைக்கும் துணிச்சல் உள்ளவர்; அந்த நிழலுக்குள்ளும் கன்னத்தின் வளைவு மங்கலாகத் தொடர்கிறதா, அல்லது கரி பூசியதுபோல் அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறதா என்று பார்த்தாலே பெட்டியின் யோக்கியதை புரிந்துபோகும்.

இப்படிச் சொன்னதற்காக எல்லோரும் ஓ.எல்.இ.டி.யே வாங்கவேண்டும் என்று நான் சிபாரிசு செய்வதாக எண்ணவேண்டாம். விலை அதிகம். அத்துடன், காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சானல் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில், மூலையில் அசையாமல் நிற்கும் சானல் முத்திரை நாளடைவில் அந்தத் திரையில் தழும்பாகத் தங்கிவிடக்கூடும். மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் அடிக்கும் கூடத்துக்கும் பிரகாசம் மிகுந்த எல்.சி.டி.யே பொருத்தம். அதிலும் இரண்டு ஜாதி உண்டு: 'வி.ஏ.' பேனலில் இருள் நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நிறம் வெளிறிப்போகும், 'ஐ.பி.எஸ்.' பேனல் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒன்றுபோலத் தெரியும், இருள் மட்டும் சற்றுச் சோகையாக இருக்கும். குடும்பம் எப்படிச் சிதறி உட்காரும் என்பதைப் பொறுத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

வெண்மையைச் சோதிக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போன்ற உரைகல் வேறில்லை. வின்சென்ட் ஒளிப்பதிவில் ஸ்ரீதர் 1962-இல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' போன்ற படத்தைப் போட்டால், ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் பாரித்துத் தெரிகிறதா என்பது நிமிஷத்தில் வெளிப்பட்டுவிடும். அப்படித் தெரிந்தால் படநிலையை 'சினிமா' என்றும் வெண்மையை 'வார்ம்' என்றும் மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சள் பூத்ததுபோலத் தோன்றி, மூன்றாம் நாள் கண் பழகிவிடும். அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய சதுர வடிவில் எடுக்கப்பட்டவை. இருபுறமும் கறுப்பாக விடுபட்டிருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் படத்தை இழுத்து நிரப்புகிறவர்கள், சிவாஜி கணேசனின் முகத்தைப் பூசணிக்காயாக்கிவிட்டு அவருடைய நடிப்பைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழ'னுக்கு இதே கறுப்பு மேலும் கீழும் வரும். அதையும் அப்படியே விட்டுவிடவேண்டும்.

இன்னொரு உபத்திரவம் இருக்கிறது. சினிமா, வினாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுவது. புதிய பெட்டிகளோ அவற்றின் நடுவே தாமாகவே புதுப் படங்களைக் கற்பித்துச் செருகி, அசைவை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கச் செய்துவிடுகின்றன. கிரிக்கெட்டுக்கு இது சௌகரியமாக இருக்கலாம். திரைப்படத்தையோ பிற்பகல் நாடகத் தொடராக்கிவிடும். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே 2018-இல் ஒரு வீடியோவில் தோன்றி, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறினாலும், மெனுவில் 'மோஷன்' என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே தேடினால் அகப்படும்.

என் பெரியம்மா வீட்டில் சென்ற வருஷம் பெரிய திரை ஒன்று வாங்கினார்கள். பொருத்த வந்த பையன் அதைச் சாமி படம் மாட்டும் உயரத்தில் மாட்டிவிட்டு, செட்டாப் பாக்ஸைப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களாலேயே இணைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஒயரில் எச்.டி. படம் வரவே வராது என்பது தெரியாமல், எச்.டி. சானல்களுக்கு மாதாமாதம் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் எச்.டி.எம்.ஐ. ஒயரை மாற்றி, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும்படி திரையை இறக்கி மாட்டச் செய்து, 'விவிட்'டையும் அணைத்தேன். "ஏண்டா, நல்லா பளிச்சுன்னு இருந்ததை இப்படி மங்கலாக்கிட்டியே!" என்று பெரியம்மாவுக்கு மனத்தாங்கல். சமாதானம் சொல்லாமல் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தைப் போட்டேன். அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்த டியூப் லைட்டைக் கொஞ்சம் அணைச்சுடேன்" என்றாள்.