பளபளக்கும் கையேட்டில் இல்லாத கேள்விகள்: சன்வே பல்கலைக்கழகத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு



எஸ்.பி.எம். சோதனைத் தேர்வு முடிந்த கையோடு காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரத்து மாணவர்களின் கைப்பேசிக்குத் தனியார் பல்கலைக்கழக விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். கல்விக் கண்காட்சியில் ஒரு பை, ஒரு பேனா, தடிமனான ஒரு கையேடு கிடைக்கும். "முன்னறிவிப்பு முடிவு இருந்தாலே போதும், இன்னைக்கே பதிஞ்சுக்கலாம்" என்று சொல்வாங்க. அந்தக் கையேட்டை ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. எடுத்துக்காட்டாக, நம் வட்டாரப் பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் பண்டார் சன்வேயை எடுத்துக்கொள்வோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். சன்வே மட்டமான இடம் அல்ல. அங்கே படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் நிறைய பேர். நம்முடைய குறை, கையேட்டை நாம் வாசிக்கும் முறைமீதுதான். அது ஒரு விற்பனைத் தாள். நாமோ அதைத் தேர்வு முடிவுபோல நம்பிவிடுகிறோம்.

1. இந்த இடம் எப்படி வந்தது?

பண்டார் சன்வே முன்பு ஈய லம்பமாக இருந்த நிலம். சுரங்கம் ஓய்ந்த பிறகு அங்கே நீர் விளையாட்டுப் பூங்கா, பேரங்காடி, மருத்துவமனை, அடுக்குமாடி வீடுகள் எல்லாம் ஒரே குழுமத்தின் கையால் எழுந்தன. சன்வே கல்லூரி 1987இல் தொடங்கியது. 2004இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 2011இல் முழுப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. இன்று அதன் உரிமை ஜெஃப்ரி சியா அறவாரியத்திடம் இருக்கிறது.

இந்த வரலாறு தேர்வுக்குத் தேவையா என்று மாணவர்கள் கேட்கலாம். தேவைதான். 1970களில் அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுக்கு இன ஒதுக்கீடு வந்தபோது, இந்திய, சீனப் பிள்ளைகள் பலர் வெளியே நின்றார்கள். வெளிநாடு போக வசதி இல்லாதவர்களுக்காக 1980களில் 'இரட்டைத் திட்டம்' என்ற வழி வந்தது: பாதிப் படிப்பு இங்கே, மீதி அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ. 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம் (சட்டம் 555) வந்த பிறகுதான் தனியார் நிலையங்கள் இந்நாட்டிலேயே பட்டம் வழங்கும் காலம் பிறந்தது. 1997 பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்ததும், முழுப் படிப்பையும் இங்கேயே முடிக்கும் '3+0' திட்டம் பரவியது. 1998இல் மோனாஷ் பல்கலைக்கழகம் மலேசியாவின் முதல் வெளிநாட்டுக் கிளை வளாகத்தைத் திறந்தது. அதுவும் இன்று சன்வேயில்தான் இருக்கிறது.

ஆக, தனியார் பல்கலைக்கழகம் என்பது கதவு அடைபட்டவர்களுக்குத் திறந்த மாற்றுக் கதவு. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் முதல் கதவு நமக்கு இன்னும் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமலே இரண்டாம் கதவுக்கு ஓடுவது சரியா?

2. பெயர்க் குழப்பம்

பண்டார் சன்வேயில் ஒன்றை ஒன்று ஒட்டியே மூன்று நிலையங்கள் உள்ளன: சன்வே கல்லூரி, சன்வே பல்கலைக்கழகம், மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா. ஏ-லெவல், ஆஸ்திரேலிய, கனடியப் புகுமுகத் திட்டங்கள் கல்லூரியைச் சேர்ந்தவை. பட்டப்படிப்பு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மோனாஷ் வேறு நிருவாகம், வேறு கட்டணம், வேறு சான்றிதழ். "என் பிள்ளை சன்வேயில படிக்கிறான்" என்று பெற்றோர் சொன்னால், இந்த மூன்றில் எது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். சலுகைக் கடிதத்தின் தலைப்பில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது, பட்டச் சான்றிதழில் யார் பெயர் வரும் என்பதை முதல் நாளே கேளுங்க. சன்வே பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளுக்கு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டம் தருகிறது. 'பல' என்றால் 'எல்லாம்' அல்ல. நீங்கள் எடுக்கும் படிப்புக்கு அது உண்டா என்பதுதான் கேள்வி.

3. அடித்தளப் படிப்பா, ஆறாம் படிவமா?

கையேடுகள் அதிகம் மறைக்கும் இடம் இதுதான். அடித்தளப் படிப்பு ஏறக்குறைய ஓராண்டில் முடிந்துவிடும். எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்ற ஒரு சொல்லில் பெற்றோர் மயங்கிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அடித்தளச் சான்றிதழ் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வேறு சில தனியார் நிலையங்களுக்கும் மட்டுமே செல்லும். அதை வைத்து யு.பி.யு. வழி மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ யு.கே.எம்.முக்கோ விண்ணப்பிக்கலாம் என்று எண்ணக் கூடாது. எஸ்.டி.பி.எம். சான்றிதழோ அரசாங்கப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், வெளிநாடு என மூன்று பக்கமும் திறக்கும் சாவி. சன்வேயும் எஸ்.டி.பி.எம். மாணவர்களை ஏற்கிறது. அதாவது, ஆறாம் படிவம் படித்த பிறகும் சன்வேக்குப் போகலாம். அடித்தளம் படித்த பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவது மிகக் கடினம்.

மெட்ரிகுலேசனையும் கணக்கில் சேருங்கள். எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ பெறுவோருக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். ஏ மைனஸ் அதில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டின் விதியில் சரிபாருங்கள்.

தமிழாசிரியராக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆவதற்கான நேர்வழி ஆசிரியர் கல்விக் கழகத்தின் பட்டப்படிப்பு. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. இவற்றை விட்டுவிட்டுப் புறநகர்த் தனியார் வளாகத்தில் பொதுவான ஒரு பட்டம் எடுத்துவிட்டு, "அப்புறம் டீச்சர் ஆயிடலாம்" என்று நினைப்பது சுற்றுவழி.

4. பணம்: கையேட்டின் எண்ணும் வீட்டின் எண்ணும்

கையேட்டில் ஓர் எண் இருக்கும். வீட்டில் செலவாகப்போவது வேறு எண். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (எந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மையான கட்டணமும் அல்ல).

அடித்தளம் ரிம 25,000. பட்டப்படிப்பு ஆண்டுக்கு ரிம 30,000 வீதம் மூன்றாண்டுக்கு ரிம 90,000. மொத்தம் ரிம 115,000. தங்குமிடமும் சாப்பாடும் மாதம் ரிம 800 என்றால் நான்காண்டுக்கு ரிம 38,400. ஆக மொத்தம் ரிம 153,400. இதே மாணவர் பக்கத்து அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் முடித்துவிட்டு நேராகப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், அடித்தளக் கட்டணம் 25,000, ஓராண்டுத் தங்கும் செலவு 9,600, இரண்டும் சேர்த்து ரிம 34,600 மிச்சம். அரையாண்டு தாமதத்தின் விலை இவ்வளவா என்று குடும்பமே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

"பி.டி.பி.டி.என். இருக்கே" என்பார்கள். அது உதவிநிதி அல்ல, கடன். தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கட்டணம் உயர்ந்த தனியார் பல்கலைக்கழகங்களில் அது முழுக் கட்டணத்துக்கும் எட்டுவதில்லை. மீதியை யார் கட்டுவது? அம்மாவின் நகையா, அப்பாவின் இ.பி.எப். சேமிப்பா? பதிவதற்கு முன்பே இதற்கு விடை வேண்டும்.

உதவிச் சம்பளம் பற்றியும் கூர்ந்து கேளுங்கள். நூறு விழுக்காடு என்றால் எதில் நூறு? கல்விக் கட்டணத்தில் மட்டுமா, பதிவுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்தா? ஒவ்வொரு தவணையும் எவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும்? ஒரு தவணை சறுக்கினால் உதவி நின்றுவிடுமா? பாதியில் விலகினால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பும்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்க. வாய்ப்பேச்சு செல்லாது.

5. காப்பாரிலிருந்து போய் வர முடியுமா?

"பக்கம்தானே, வீட்டிலிருந்தே போய் வரட்டும்" என்பது பெற்றோரின் ஆசை. காப்பாரில் கொமூட்டர் நிலையம் இல்லை. முதலில் பேருந்தில் கிள்ளானுக்கு வர வேண்டும். அங்கிருந்து கொமூட்டர் ஏறி, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா தாண்டி செத்தியா ஜெயாவில் இறங்க வேண்டும். பிறகு பி.ஆர்.டி. பேருந்தில் பல்கலைக்கழக நிலையம் வரை. 2015 ஜூன் மாதம் திறக்கப்பட்ட அந்தத் தடம் 5.4 கிலோமீட்டர் நீளம், ஏழு நிலையம் கொண்டது. போக மூன்று வண்டி, வர மூன்று வண்டி. ரிம 50 மாதச் சீட்டு பி.ஆர்.டி.க்குச் செல்லும், கொமூட்டருக்குச் செல்லாது. காலை எட்டு மணி வகுப்பும் மாலைக் குழுப்பணியும் உள்ள ஒரு நாளில் இந்தப் பயணத்தை ஒருமுறை செய்து பாருங்கள். பதிவதற்கு முன் செய்யக்கூடிய மிக மலிவான ஆய்வு இதுதான். சரிப்படாது என்றால் விடுதி வேண்டும். வளாகத்தைச் சுற்றியுள்ள வீடும் கடையும் பேரங்காடி விலையில்தான் இருக்கும்.

6. சான்றிதழின் மதிப்பை யார் சொல்வது?

உலகத் தரவரிசை எண்களைக் கையேடுகள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. கியூ.எஸ். தரவரிசை கல்வியாளர்கள், முதலாளிகள் ஆகியோரின் கருத்துக் கணிப்பு, ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள், ஆசிரியர்-மாணவர் விகிதம் போன்றவற்றைக் கூட்டிப் பார்க்கிறது. விரிவுரையாளர் வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை அது நேரடியாக அளப்பதில்லை. முதல் பட்டப்படிப்பு மாணவருக்குத் தேவையானது அதுவே.

வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் பிரித்துப் பாருங்கள். நம் நாட்டுப் பட்டதாரிக் கண்காணிப்பு ஆய்வில், மேற்படிப்பைத் தொடர்பவர்கள், திறன் பயிற்சியில் இருப்பவர்கள், வேலையில் சேரக் காத்திருப்பவர்கள் ஆகியோரும் 'வேலைபெறு நிலை' கணக்கில் சேர்கிறார்கள். ஆகவே 95 விழுக்காடு என்றால் 95 பேரும் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பொருளல்ல.

நம்பத்தக்க இடம் மலேசியத் தகுதி முகவாண்மையின் இயங்கலைப் பதிவேடு. அங்கே படிப்பின் பெயரைத் தட்டினால் குறியீடு வரும். 'எஃப்.ஏ.' என்றால் முழு அங்கீகாரம், 'பி.ஏ.' என்றால் தற்காலிக அங்கீகாரம். புதிய படிப்புகள் தற்காலிகத்தில் தொடங்குவது இயல்புதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு சேர்வது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.

அதற்கு மேலும் ஒரு படி உண்டு: தொழில்முறை வாரியம். பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம், மருத்துவம் என்றால் மருத்துவ மன்றம். சட்டத்தில் எம்.எம்.யு. பட்டதாரிகளுக்குச் சி.எல்.பி. தேர்வு தேவையில்லை. இங்கிலாந்துப் பட்டம் பெற்றவர்கள் இங்கே வழக்கறிஞராக அதையோ இங்கிலாந்துப் பாரிஸ்டர் தகுதியையோ பெற வேண்டும். உளவியலை விரும்பும் பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். உளவியல் பட்டம் எடுத்ததாலேயே ஒருவர் ஆலோசகர் ஆகிவிட முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். மருத்துவ உளவியலாளர் ஆக முதுகலையும் வேண்டும். இளங்கலைக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்ட குடும்பம் அப்போது திண்டாடும்.

நிலையமே தள்ளாடினால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் உண்டு. பினாங்கு கெப்பாலா பத்தாஸில் இருந்த அலையன்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி 2014இல் நிதி நெருக்கடியில் சிக்கிப் பிறகு மூடப்பட்டது. மாணவர்கள் வேறு நிலையங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. அழகான கட்டடம் நிதிநிலைக்குச் சான்று ஆகாது.

7. யாருக்குப் பொருந்தும்?

ஆங்கிலத்தில் தடையின்றி எழுதப் பேசத் தெரிந்தவர், உறுதியான உதவிச் சம்பளம் கிடைத்தவர், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கிடைக்காத ஒரு துறையைத் தெளிவாகத் தேர்ந்தவர்: இவர்களுக்குச் சன்வே போன்ற இடம் நல்ல தேர்வு. நண்பன் போகிறான் என்பதற்காகவும், ஆறாம் படிவம் கௌரவக் குறைவு என்பதற்காகவும் கடன் வாங்கிப் போகிறவருக்கு அது பாரம். ஆறாம் படிவத்தைத் தாழ்வாகப் பேசும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாமும் விட வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நாம்தான் ஆழத்தை அளக்கவும் கற்றுத்தர வேண்டும்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

ஆசிரியர்கள் ஏதேனும் ஒரு தனியார் பல்கலைக்கழகக் கையேட்டின் இரண்டு பக்கங்களை மாணவர் குழுக்களுக்குக் கொடுத்துப் பின்வரும் பணிகளைச் செய்யலாம்.

அ. கையேட்டில் உள்ள கூற்றுகளை 'சரிபார்க்கக்கூடிய தகவல்', 'வெறும் புகழுரை' என இரு பத்திகளாகப் பிரித்து எழுதுக.

ஆ. சரிபார்க்கக்கூடிய ஒவ்வொரு தகவலுக்கும் எதைப் பார்த்து உறுதிசெய்யலாம் எனக் குறிப்பிடுக.

இ. ஒரு படிப்பின் முழுச் செலவை உங்கள் வீட்டிலிருந்து போய் வரும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுக.

ஈ. 'ஆறாம் படிவமே சிறந்தது' என்னும் தலைப்பில் 200 சொற்களுக்குக் குறையாமல் ஒரு வாதக் கட்டுரை எழுதுக. எதிர்த்தரப்பின் வலுவான ஒரு கருத்தையாவது எடுத்துக்கூறி அதற்கு விடையளித்தல் வேண்டும்.

இந்தப் பயிற்சி கட்டுரைத் தாளுக்கு உதவும். சலுகைக் கடிதத்தில் கையெழுத்து இடும் நாளில் அதைவிடக் கூடுதலாக உதவும்.