சிரிக்கும் மீன்

குழந்தைகளின் அறைச் சுவருக்கென்று ஒரு தனிச் சித்திர உலகமே இன்று விற்பனையாகிறது. ஒற்றைக் கொம்புக் குதிரை, மேகத்தின் மேல் கோட்டை, பலூனில் தொங்கும் யானை, இமைமயிர் நீண்ட மீன். வசதியுள்ள வீட்டில் ஒட்டும் தாளாக, ஏழைக் குழந்தைகளின் அங்கன்வாடியில் எனாமல் பெயிண்டாக. சித்திரத்தில் மட்டும் பேதமில்லை.

அந்நியச் சரக்கு என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். என் வாதம் அதுவல்ல. ஒற்றைக் கொம்பு மிருகம் இந்தியாவில் திரிவதாக, கி.மு. 400ஐ ஒட்டி, மேல்நாட்டுக்கு எழுதிச் சொன்னவன் டீஸியாஸ் என்ற கிரேக்க மருத்துவன். இந்தியாவைப் பார்க்காமலே, பாரசீக அரண்மனையில் காதில் விழுந்ததை வைத்து எழுதியவன். நம்மைப் பற்றிய வதந்திதான் ரோஸ் நிறப் பிடரியோடு நம்மிடமே திரும்பியிருக்கிறது.

என் புகார் வேறு. இந்தப் பிராணிகளுக்கு உடம்பு இல்லை. நம் கோயில் தூண்களின் யாளியும் கற்பனைதான். ஆனால் துதிக்கை எதையாவது பற்றும்போது எங்கே மடியும், பின்னங்காலில் எழும் மிருகத்தின் பாரம் எங்கே இறங்கும் என்று தெரிந்த கை அதைச் செதுக்கியிருக்கிறது. பார்த்ததிலிருந்து பார்க்காததற்குப் போன கை. சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சந்நிதி விதானத்து நாயக்கர் காலச் சித்திரங்களைப் பெரியவர்களும் சிறுவர்களும் ஒன்றாகத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். குழந்தைக்குத் தனிச் சுவர், அதில் பயமே இல்லாத உலகம் என்பது அண்மைக் காலத்து ஏற்பாடு. மோரீஸ் ஸென்டாக் 1963இல் வெளியிட்ட படப் புத்தகத்தில் படுக்கையறைச் சுவர் கரைந்து காடாகிறது. அங்கே வரும் ஜந்துக்களுக்குப் பல்லும் நகமும் உண்டு. குழந்தைகள் மிரளும் என்று அன்றே பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மிரண்டது யார் என்பது வேறு விஷயம்.

பிச்சாவரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இப்படியொரு அங்கன்வாடிச் சுவரைப் பார்த்தேன். அதற்கு நூறு அடி தள்னால் சேற்றில் தத்தி நடக்கும் மீன் இருக்கிறது. வேரில் ஏறி உட்கார்ந்து நம்மை முறைக்கிறது. ஒரு கை மட்டும் பெருத்த நண்டு அந்தக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. மூச்சு விடுவதற்காக வேர்கள் மண்ணிலிருந்து மேல்நோக்கி முளைக்கின்றன. சிதம்பரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த தில்லை மரம் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எந்த ஸர்ரியலிஸ்ட் இதைவிட அதிகமாகக் கேட்பான்? சுவரிலோ மீன் சிரிக்கிறது. கடலும் சிரிக்கிறது, அதற்குக் கன்னத்தில் குழி வேறு.

2004 டிசம்பர் 26 அலையில் சதுப்புக் காட்டின் மறைவிலிருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலுக்கு நேரே கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அன்று சிறுவர்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது இம்மாதிரிச் சுவர்களின் கீழ் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். அந்தக் கடலுக்குக் கன்னக்குழி வரைவதை நான் கற்பனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைந்தவரைக் குற்றம் சொல்லவில்லை. சதுர அடிக்குக் கூலி. மாதிரிப் படம் கையில் கொடுத்தாகிவிட்டது.

அதே சுவரில், எனாமல் முடிகிற இடத்துக்குக் கீழே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில், கரித்துண்டால் ஒரு படகு வரைந்திருந்தது. படகைவிடப் பெரியதாக ஒரு நண்டு. அதற்கு ஒரு கை மட்டும். இன்னொரு கை வரைய இடமிருந்தும் வரையவில்லை. அடுத்த வெள்ளையடிப்பில் முதலில் போகப்போவது அதுதான்.