எரிகிற காமனும் ஆடுகிற காமனும்

நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவர்கள் தயாரிப்பாளர், நெறியாளர், ஒப்பனையாளர், அரங்க முகாமையாளர் என்று பொறுப்புகளின் பட்டியலை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்புவித்துவிடுகிறார்கள். ஆனால் கேகாலைப் பக்கத்துப் புளத்கொகுபிட்டியவிலோ யட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டவிலோ வளரும் ஒரு பிள்ளை, அந்தப் பொறுப்புகள் அத்தனையும் மாசி மாதத்து இரவுகளில் தோட்டத்து மக்களால் சம்பளமில்லாமல் நிறைவேற்றப்படுவதைப் பாராமலே அந்தப் பரீட்சையை எழுதி முடிப்பது எவ்வகையிலும் நியாயமன்று. தமிழகத்திலிருந்து பெருந்தோட்டங்களுக்கு வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றுடன் மலையகத்தின் பெருங்கூத்துகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. நீளம், சத்தம், தூக்கக் கலக்கம் என்று காரணம் சொல்லி அதிலிருந்து விலகி நிற்போருக்கு, அதைப் பார்க்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை சுருக்கமானது. தக்கன் வேள்வியில் தேவியைப் பிரிந்த சிவன் யோகத்தில் அமர்ந்திருக்க, சூரபத்மனின் கொடுமை தாங்காத தேவர்கள் அந்த யோகத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவுகிறார்கள். ரதி தடுத்தும் கேளாமல் சென்ற அவன் மலரம்பு எய்து நெற்றிக்கண் தீயில் சாம்பலாகிறான். பின்னர் ரதியின் மன்றாட்டுக்கு இரங்கிய சிவனால், அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி உயிர் பெறுகிறான். காளிதாசன் குமாரசம்பவத்தில் எரிப்புக்கு ஒரு சருக்கமும் ரதியின் புலம்பலுக்கு ஒரு சருக்கமும் ஒதுக்கினான். கச்சியப்பர் கந்தபுராணத்தில் காமதகனத்துக்கு ஒரு படலம் அமைத்தார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்தில் தையிலும் மாசியிலும் இந்தத் தேவனையே நோற்றாள். இவ்வளவு தெரிந்தால் போதும். முடிவு முன்பே தெரிந்த கதையைப் பார்க்கத்தான் ஒரு தோட்டமே விழித்திருக்கிறது.

படிநிலைகளும் எளியவை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் நடப்படும். அதாவது, காமன் பொட்டல் எனப்படும் வெளியில் கரும்பு, வைக்கோல், வரட்டி முதலியன கொண்டு கட்டிய கம்பம் ஊன்றப்படும். அதன் சேர்மானம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். முதன்மை வேடக்காரர்கள் காப்புக் கட்டி விரதம் தொடங்குவர். அதன்பின் ரதியும் மதனும் இரவுதோறும் ஆடுவர், தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள்தோறும் சென்று வீட்டு வாசல்களில் ஆடிக் காணிக்கை பெறுவர், அவர்களுக்குத் திருமணமும் நடக்கும். பௌர்ணமியை ஒட்டிய பேரிரவில் ஓலை கொண்டுவரும் தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பிற வேடங்கள் களம் இறங்க, காமன் தகனமும் அதற்கு மூன்றாம் நாள் உயிரெழுப்பும் நிகழும். மட்டக்களப்புக் கூத்தில் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று படிகள் பெயரிட்டுப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பாடநூலில் படித்த மாணவர், காமன் கூத்தில் ஒத்திகையும் அரங்கேற்றமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதல் இரவில் தடுமாறும் ரதியும் பத்தாம் இரவில் தெளிந்து நிற்கும் ரதியும் ஒரே நாடகத்தின் பகுதிகளே.

பொறுப்புகளைப் பற்றிச் சொன்னால், பாட்டையும் ஆட்டத்தையும் பழக்கி நடத்துகின்ற மாஸ்டரே நெறியாளர். வரி சேர்த்துச் செலவு பார்க்கும் தோட்டத் தலைவர்மாரும் பெரியவர்களும் தயாரிப்பாளர். ரதி வேடம் ஆணுக்குரியதாகவே மரபில் இருந்து வந்திருக்கிறது. இசையின் முதுகெலும்பு தப்பு. தீயில் காய்ச்சி விறைப்பேற்றப்படும் இந்தத் தோற்கருவிதான் ஒரு காலத்தில் விடியுமுன் அடிக்கப்பட்டுத் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் களத்துக்கு, அழைத்தது. தூதன் பாய்ந்து வரும்போது ஒரு விதமாகவும் ரதி நிலைகுலையும்போது வேறு விதமாகவும் அடி மாறுவதைக் காது பிரித்தறியத் தொடங்கிவிட்டால், பாட்டின் சொல் பாதி விளங்காவிட்டாலும் நட்டமில்லை.

இனிச் சொல்லப்போவதே பார்வையாளர் உண்மையில் கற்க வேண்டியது. காமன் கூத்தில் காமன் ஒருவனல்லன், இருவர். பொட்டலில் ஊன்றிய கம்பம் ஒரு காமன்; வில்லேந்தி ஆடும் மனிதன் மற்றொரு காமன். நட்ட காமன் அசையாது, பேசாது, பூசையை மட்டும் ஏற்கும், இறுதியில் எரியும். ஆடும் காமன் நடக்கிறான், பாடுகிறான், மணம் முடிக்கிறான், மனைவியின் சொல்லை மீறுகிறான், எரிவதில்லை. கம்பம் வெறும் அரங்கப்பொருள் என்று நினைப்பவரும், மனிதன்தான் காமன், கம்பம் அவனுக்கு அடையாளம் என்று விளக்குபவரும் கூத்தில் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள். பல இரவுகள் இவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள் என்பதும், ஆடுபவன் கம்பத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் தன் சாவைத்தான் வலம் வருகிறான் என்பதும் பிடிபட்டால்தான், ரதி ஏன் முதல் வாரத்திலேயே அத்தனை கலங்குகிறாள் என்பது விளங்கும்.

இந்தப் பிரிவு பொறுப்புகளையும் இரண்டாக்குகிறது. நட்ட காமனுக்குப் பூசகரும் ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பு. ஆடும் காமனுக்கு மாஸ்டர் பொறுப்பு. சில தோட்டங்களில் சிவன் அமர்ந்திருக்கும் பரணிலிருந்து கயிற்றில் ஓடிவரும் வாணம் கம்பத்தைப் பற்றவைக்கும். அந்த வாணம் முந்தினாலும் பிந்தினாலும் அம்பு எய்தல், தீ, சரிவு என்னும் தொடர் அறுந்துபோகும். ஆகவே பூசையையும் ஆட்டத்தையும் ஒரே கண்ணால் பார்த்துத் தப்புக்காரருக்குத் தலையசைக்கும் ஒருவர் எங்காவது இருளில் நின்றே ஆகவேண்டும். பாடநூல் அவரை அரங்க முகாமையாளர் என்கிறது. தோட்டத்தில் அவருக்குத் தனிப் பெயரில்லை. அவரைக் கண்டுபிடித்து அரைமணி நேரம் அவரை மட்டும் கவனிக்கும் மாணவருக்கு, முகாமையாளரின் கடமைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

இரு காமன் என்னும் இக்கருத்தைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. தஞ்சைப் பகுதி ஊர்களில் காமன் பண்டிகையின்போது லாவணிப் பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாடிய வழக்கு இதையே அடிப்படையாகக் கொண்டது. எரிந்த கட்சி கம்பத்தைப் பார்த்துப் பேசுகிறது, எரியாத கட்சி ஆடுபவனைப் பார்த்துப் பேசுகிறது என்று கொண்டால் இரண்டு கட்சியும் வெல்லும். உடலற்றவன் என்று பொருள்படும் அனங்கன் என்ற பெயரும் அதே வழக்குக்கு மூன்றாவது சாட்சி. இன்னும் நுட்பமாகப் பார்த்தால், உயிரெழுப்பின் பின் காமன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிபவன். ஆனால் பொட்டலில் கூடியிருப்போர் அனைவரும் அவனைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்கும் கிழவியும் சிறுவனும் தோட்டத்து உத்தியோகத்தரும் ரதியின் கண்ணைக் கடன் வாங்கியே பார்க்கிறார்கள் என்று கொள்ளாமல் வேறு வழியில்லை. பார்வையாளரை நாயகியின் கண்ணுக்குள்ளேயே இருத்திவிடும் இத்தகைய உத்தியை மேனாட்டு அரங்கநூலிலிருந்து எடுத்துக் கற்பிப்பவர்கள், பக்கத்து மலையை ஏன் பார்ப்பதில்லை என்பதே கேள்வி.

இதனால்தான் விழா மேடைகளில் இருபது நிமிடத்துக்கு வெட்டிக் காட்டப்படும் காமன் கூத்து ஆழமற்றதாகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியபோது, வெட்டப்படுவது எது என்பதை அறிந்து வெட்டினார். பின்வந்தோரிற் பலர் கத்தரிக்கோலை மட்டுமே வாங்கிக்கொண்டார்கள். மேடைச் சுருக்கத்தில் கம்பத்தை நடவும் முடியாது, எரிக்கவும் முடியாது. சிவப்பு விளக்கொன்று எரிகிறது, ஒரு காமன் முழுதாகக் காணாமற் போகிறான். இது சடங்கு, நாடகமன்று என்று தீர்ப்பளிக்கும் விமர்சகர்களின் நிலை இதைவிட மோசம்: தகனம் முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை மூடிக்கொண்டு ஊர் திரும்பி, மூன்றாம் நாளைப் பாராமலே கட்டுரை எழுதுபவர்கள் அவர்களுள்ளே அதிகம். தொலைக்காட்சித் தொடரின் மினுமினுப்புக் கிரீடத்தை வாங்கி மாட்டும் இன்றைய மோகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆடுபவன் நல்லவனானால் கிரீடம் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போடுவதை மட்டும் பொறுக்க முடியாது.

வாசகரிடம் இங்கே கொஞ்சம் நெருங்கிப் பேசலாம். முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டாம். கம்பமும் ஆடுபவனும் ஒரே பார்வைக்குள் அடங்கும் பக்கவாட்டில், பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தாலியிழந்த ரதி புலம்பும்போது அந்தப் பக்கத்திலிருந்து எழும் விம்மல் ஒப்பாரியின் மற்றைப் பாதி. அதைக் கேளாதவர் காட்சியைக் கேட்டவராகார். கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிடுவது நல்லது, அந்தச் சின்னத் திரைக்குள் இரண்டு காமனும் சேர்ந்து அடங்குவதில்லை. பகலில் வந்து சேர்ந்தால் மலையையும் பார்த்துக்கொள்ளலாம்: இறப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்து நிற்பதும், சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் விடுவதும் ஏறக்குறைய இதே பருவத்தில்தான். இதைப் புலவர் யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. தஞ்சையின் வயல்வெளிக்கு எழுந்த கூத்துக்குக் கேகாலை மலை தானாகவே கொடுத்த பின்திரை அது.

தகனத்தோடு எழுந்து போய்விடாமல் இருப்பது ஒன்றே மிகவும் கேட்டுக்கொள்ள வேண்டியது. வருபவர்கள் லயத்துப் பாதைக்கு ஒரு டோர்ச் லைட்டும், மூன்றாம் நாள் உயிரெழுப்புக்கு மீண்டும் வர பஸ் காசும் எடுத்துவைத்துக்கொள்ளவும்.