வெறுங்கல்லறையும் வன்னிச் சிறுவரும்

வன்னிச் சிறுவருக்குரிய மறைக்கல்வி, உயிர்த்தெழுதலை ‘மூன்றாம் நாள் உயிர்த்தார்’ என்ற மனன விடையாகச் சுருக்குவதை நாம் ஏற்பதற்கில்லை. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், வெறுங்கல்லறை வாயிலில் அழுதுநின்று, உடல் எங்கே என வினவுகிறாள் மகதலா மரியா. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் அரசிடம் தொடுத்ததும் ‘எங்கே’ என்னும் அவ்வினாவையே. அவள் தேடியது உடலை. இவர்கள் கேட்பது உயிரோடு கையளித்தவர்களை. 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தோருடன் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் அவ்வாறு காணாமற்போனவரே.

அத்தகைய வீட்டுப் பிள்ளையிடம் ‘அழாதே, உயிர்ப்பு உண்டு’ என்பது ஆறுதலன்று, வாயடைப்பு. உயிர்ப்பைச் சீடருக்கு அறிவிக்க அனுப்பப்பட்டவள், அழுது வினவிய அப்பெண்ணே. ஆகவே சீடத்துவம் கீழ்ப்படிதல் மட்டுமன்று. விடை கிடைக்கும்வரை வினவுவோரோடு நிற்றலுமாகும். வகுப்பறை இதனைக் கற்பிக்கட்டும்.