அச்சாணி

சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்து மலையில், பேட்சி மார்லி முகட்டில் காற்று கொஞ்சம் ஓய்ந்தால் அந்தச் சத்தம் கேட்கும். 'டக்.' 'பின்' என்கிற கம்பி குறுக்கே போய், பைண்டிங்கைத் தாங்கும் ஸ்லைடரைப் பூட்டுகிற சத்தம். அடுத்த காலுக்கு இன்னொரு 'டக்'. பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. கீழே கிரிஸ்லி கல்ச் ஒரு தடம்கூட இல்லாமல் கிடக்கும். கிடந்தால். இப்போதெல்லாம் அப்படிக் கிடப்பது அபூர்வம். அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பின்.

ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஏறும்போது இரண்டு ஸ்கீயாகவும் இறங்கும்போது ஒரே பலகையாகவும் மாட்டுவதுதான் ஸ்ப்ளிட்போர்டு. அதற்கான வொய்லே சாமான் என்றதும் எல்லோரும் பக்கைத்தான் சிலாகிப்பார்கள். கறுப்பு வட்டு, ஓரத்தில் பள்ளம், அதன் மேல் ஸ்லைடர் ஏறியதும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அழகு. நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது பின்னில். பேனா நீளத்தில் ஓர் உலோகக் கம்பி, பனியில் விழுந்து தொலையாமலிருக்க அதற்கு ஒரு மெல்லிய வடம். அவ்வளவுதான் அதன் சொத்து. ஏறும்போது பாதத்தின் முன்னால் குறுக்கே நின்று அது கீல். ஒவ்வோர் எட்டும் அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. இறங்கும்போது அதே கம்பி தாழ்ப்பாள்.

அச்சாணி இல்லாத வண்டி எத்தனை சாண் ஓடும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்த அச்சாணிக்கு ஒரே வேலை, சக்கரம் கழன்று போகாமல் காப்பது. இந்த அச்சாணிக்கு உச்சியில் உத்தியோகம் மாறுகிறது. கீலிலிருந்து அதை உருவாமல் பூட்ட முடியாது. ஏறி முடித்தால்தான் இறங்குவதற்கான சாமானே கைக்கு வரும். இதை யாரும் தத்துவமாக யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கம்பி மிச்சமாகட்டும் என்று செய்திருப்பார்கள். எனக்கு அந்தச் சிக்கனம்தான் பிடிக்கிறது. (உருவிய பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏறும்போது வழுக்காமலிருக்கப் பலகையடியில் ஒட்டும் ஸ்கின்னைக் கழற்றும் பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. கடுங்குளிரில் உலோகம் உதட்டோடு என்ன செய்யும் என்று ஒரு ஜனவரிக் காலையில் தெரிந்துகொண்டேன்.)

90களின் தொடக்கத்தில், இதே சால்ட் லேக் சிட்டியில், பிரெட் கோபர்னிக் தான் அறுத்த பலகையைத் தூக்கிக்கொண்டு மார்க் வரியாகோயிஸிடம் போனார். கோபர்னிக் என்றால் பழைய ஆட்களுக்குப் புரியாது. 'கௌபாய்' என்று சொல்ல வேண்டும். வரியாகோயிஸ் 1980-ல் தொடங்கிய பட்டறைதான் வொய்லே. அந்தச் சந்திப்பு முளைத்து, 90களின் நடுவில் ஒரு டப்பாவாக வெளியே வந்தது. பக், ஸ்லைடர், கொக்கி, பின், எங்கே துளை போடுவது என்று காட்ட ஒரு தாள். பலகை உன்னுடையது, ரம்பம் உன்னுடையது, துணிச்சலும் உன்னுடையது. கோபர்னிக் பிற்பாடு யூட்டா பனிச்சரிவு மையத்தில் முன்னறிவிப்பாளராக இருந்தார். விடியலில் அவர் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு, அவர் கிளப்பிவிட்ட வேலையின் பின்னை மாட்டிக்கொண்டு மலையேறிய நாட்கள் எனக்கு உண்டு. ஆசிரியர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவர் வகுப்புக்கே போவதுபோல.

போஸ்மனில் வில் ரிட்டரின் ஸ்பார்க் பைண்டிங் வந்தபோது நானும் ஓடிப்போய் வாங்கினேன். சாதாரண பைண்டிங்கை ஸ்லைடரின் மேல் ஏற்றி மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, பைண்டிங்கின் அடியையே ஸ்லைடராக்கிக் கொடுத்தார் அவர். கால் பலகைக்குப் பக்கத்தில் வந்தது, எடையும் இறங்கியது. அதற்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் 2013 வாக்கில் ஸ்பார்க்கின் 'டெஸ்லா' பைண்டிங் வந்ததும் பின் போயிற்று. முன்னால் ஒரு நெம்புகோலை மடக்கினால் தீர்ந்தது. இளைஞர்கள் முகட்டில் வந்து நிற்பதற்குள் தயாராகிவிடுகிறார்கள். நல்லதுதான். எனக்குத்தான் 'டக்' கேட்காத முகடு மணியடிக்காத கோயில்போல இருக்கிறது.

கராகோரம் பைண்டிங் கட்சி வேறு. பாதிகளை இழுத்து இறுக்கிச் சேர்ப்பதால் முழுப் பலகை மாதிரியே இருக்கும் என்பார்கள். போய்ப் பார்த்தேன், உண்மைதான். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. அறுபட்ட பலகை அறுபட்டதை மறக்க வேண்டும் என்று நான் ஏன் ஆசைப்பட வேண்டும்? நடுக்கோடு காலுக்கடியில் லேசாக முனகட்டும். ஏறியது அந்தக் கோட்டினால்தானே.

கெட்டி ஸ்கீ பூட்ஸோடு வரும் ஹார்ட்பூட் ஆசாமிகளோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் ஸ்கீக்காரர்கள், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இனி அறுப்பு. பழைய, போனால் போகிற பலகையை அறுத்துப் பழகு என்பார்கள். நான் இதற்கு நேர் எதிர். மனசுக்குப் பிடித்த பலகையைத்தான் அறுக்க வேண்டும். வேண்டாத பலகையில் கை அலட்சியமாகப் போகும். போதாததற்கு, வேண்டாத பலகையை இரண்டாக்கினால் வேண்டாத இரண்டுதான் கிடைக்கும். நான் முதலில் அறுத்தது ஆறு வருடம் லிஃப்டில் ஏறி இறங்கிய என் செல்லம். பைண்டிங் திருகும் துளைகள் இரண்டு வரிசையாக, நடுவை விட்டு ஒதுங்கி இருந்தன. அதுதான் அதன் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ. பர்ட்டனின் பழைய முக்கோணத் துளை என்றால் ஒன்று கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவர்களுடைய வாய்க்கால் வைத்த பலகை என்றால் ரம்பம் போக வேண்டிய வழியில் வாய்க்கால் ஓடும். இரண்டையும் தொடாமலிருப்பது நல்லது.

பலகையைக் கவிழ்த்து, வளைவுக்கு ஏற்றபடி அடியில் கட்டை கொடுத்து, க்ளாம்ப் போட்டேன். நடுவில் மாஸ்கிங் டேப். பத்துப் பன்னிரண்டு இடங்களில் அகலம் அளந்து பாதியில் புள்ளி. மூக்கிலிருந்து வால் வரை நூல். 'நூல் பிடித்தாற்போல' என்று வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே நூல் பிடித்த அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதலில் சொன்ன தச்சன் எவ்வளவு வியர்த்திருப்பான் என்று தெரிந்தது. புள்ளிகள் நூலுக்கு இரண்டு பக்கமும் தலைகாட்டின. மறுபடி அளந்தேன். மறுபடியும். அன்று இரவு அறுக்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். அலமாரி செய்து ஓய்வுபெற்றவர். பனியில் சறுக்குகிறவர்கள் எல்லோரும் கிறுக்கர்கள் என்பது அவர் கொள்கை. பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். ரம்பத்தின் பல்லைப் பார்க்காதே, ரம்பம் ஒட்டிப் போகிற வழிகாட்டிக் கட்டையைப் பார். பல்லைப் பார்த்தால் கை பல்லின் பின்னால் போகும் என்றார்.

மூக்கிலும் வாலிலும் சுற்றி வரும் எஃகு விளிம்பை முதலில் ஆக்ஸா பிளேடால் அறுத்து வழி விட்டாயிற்று. பிறகு வட்ட ரம்பம், மெல்லிய பல். அடிப்பக்கத்து பி-டெக்ஸ் சூடாகி உருகும் வாசனை, அதற்குள் கண்ணாடியிழைத் தூசி, அதற்கும் உள்ளே மரத்தின் வாசனை. வருடக்கணக்காக என் காலுக்கடியில் இருந்த மரத்தை அன்றுதான் மோந்து பார்த்தேன். முக்கால் தூரம் வரை பெரியவர் சொன்னபடி கட்டையைப் பார்த்தேன். கடைசியில் ஆசை தாங்காமல் பல்லைப் பார்த்துவிட்டேன். வால் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கோணல். இன்றைக்கும் அந்தப் பலகையைச் சேர்த்தால் வாலில் ஒரு நெல்மணி நுழையும். பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதன் பிறகான வேலை பொறுமையின் வேலை. வெட்டுமுகத்து மரத்துக்கு எபாக்ஸி, காய்ந்ததும் உரசி இன்னொரு பூச்சு. இங்கே சோம்பினால் தண்ணீர் குடித்து மரம் உப்பிவிடும். தாளை வைத்துத் துளை, அடியில் குழி, குழியில் டீ-நட், அதன் மேல் பி-டெக்ஸ் வில்லை. சுரண்டி மெழுகு போட்ட பிறகும் வில்லைகள் தெரியும், அம்மைத் தழும்புபோல. கடைப் பலகையின் அடியில் இந்தத் தழும்புகள் கிடையாது. அதன் உள்விளிம்பில் எஃகு உண்டு, என்னுடையதில் இல்லை. வசந்தகாலக் காலையில், இரவெல்லாம் இறுகிய பொருக்கின் மேல் குறுக்கே நடக்கும்போது அந்த வித்தியாசம் ஒவ்வோர் எட்டிலும் தெரியும். பொய் சொல்லிப் பயனில்லை, அன்றைக்கு நான் கடைப் பலகையைத்தான் எடுத்துப்போகிறேன். ஆனால் புதுப்பனி விழுந்த காலையில் கை தானாகக் கோணல் வாலுக்குத்தான் போகிறது.

இதில் யாருடைய ஓட்டம் பிடிக்கும் என்று கேட்டால் இளைஞர்கள் ஜெரமி ஜோன்ஸ் என்பார்கள். 2010-ல் அவருடைய 'டீப்பர்' படம் வந்து ஹெலிகாப்டர் மோகத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலகை தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் க்ரெய்க் கெல்லி ஆள். நான்கு முறை உலக சாம்பியன்; உச்சத்தில் இருக்கும்போதே போட்டியை உதறிவிட்டுக் காட்டுப் பனிக்குப் போனவர். அவர் ஓடும் பழைய படங்களில் தோளைப் பாருங்கள், அசையாது. முழங்காலுக்குக் கீழே நடக்கும் விஷயம் தலைக்குத் தெரியாததுபோல முகம். ஜோன்ஸ் மலையை வெல்கிறார். கெல்லி அதனிடம் முகவரி விசாரித்துக்கொண்டு போகிறவர்போல இருப்பார். கடைசியில் கனடாவில் மலை வழிகாட்டியாவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 2003 ஜனவரி 20 அன்று ரெவல்ஸ்டோக் அருகே பனிச்சரிவில் ஏழு பேர் போனார்கள், அவரும் ஒருவர். வயது 36. அத்தனை கவனமானவரும் போனார் என்பதை ஒவ்வொரு டிசம்பரிலும், அடிப்பனி சர்க்கரைபோல உதிரும் நாட்களில், எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அப்போது 30 பாகைக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருப்பேன். மில் டி நார்த் பக்கம் அதற்கு ஏற்றது. திரும்பி வரும் வழி சமதளம், ஒற்றைக்காலால் உந்தி உந்தி வர வேண்டும். ஸ்கீக்காரர்கள் கையசைத்துக்கொண்டு கடந்து போவார்கள். போகட்டும்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த வயிற்றெரிச்சல். கிரிஸ்லி கல்ச்சுக்குப் பக்கத்து ஸ்கீ மையமான ஆல்ட்டா இன்றுவரை ஸ்னோபோர்டை அனுமதிப்பதில்லை. வழக்கு போட்டார்கள், 2014-ல் தள்ளுபடி, 2016-ல் மேல்முறையீட்டிலும் அதே. எனக்கு அதில் பெரிய கோபமில்லை. லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பலகையைப் பிளந்து மாட்டிக்கொண்டு கிரிஸ்லி கல்ச்சில் நடந்து ஏறுவதில் ஒரு குறும்பு சுகம் உண்டு. என் குறை ஏறும் தடத்தைப் பற்றியது. நல்ல ஸ்கின் தடம் வயல் வரப்புபோலப் போக வேண்டும். மரத்தைச் சுற்றி, மேட்டை அனுசரித்து, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற சரிவில். குதிகால் தாங்கியை முழு உயரத்துக்கு நிமிர்த்த வேண்டியிருந்தால் தடம் போட்டவருக்குத் தடம் போடத் தெரியவில்லை என்று அர்த்தம். இப்போது இறகு எடை ஸ்கீயும் கடிகாரமுமாக வருகிறவர்கள் நேராகச் செங்குத்தாக ஏணி போட்டுவிடுகிறார்கள். பத்துப் பேர் மிதித்ததும் அது பளிங்கு. மெத்தென்ற பூட்ஸும் அகலப் பலகையுமாக வரும் நாங்கள் அதில் இரண்டடி ஏறி ஓரடி வழுக்குகிறோம். விடிவதற்கு முன்பே வாகனம் நிறுத்த இடமில்லை; அதைப் பொறுத்துக்கொள்வேன். கோணல் தெரியாத தடத்தைப் பொறுக்க முடியவில்லை.

2022-23 குளிர்காலத்தில் ஆல்ட்டாவில் 903 அங்குலம் பனி கொட்டியது. அந்த வருடத்தில்தான் என் பின் ஒன்று தொலைந்தது. வடம் நைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. முகட்டில் கையுறையோடு உருவினேன், நழுவியது, பனியில் ஊசித் துளை மாதிரி ஒரு துளை, அவ்வளவுதான். தோண்டத் தோண்டத் துளையும் போயிற்று. ரப்பர்போல இழுபடும் ஸ்ட்ராப்பை ஸ்லைடரோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, ஒரு பக்கத் திருப்பத்தை மட்டும் நம்பிக் கீழே வந்தேன். ஜூலையில் போய்த் தேடினேன். காட்டுப்பூ முழங்கால் உயரம். யாருடையதோ ஒற்றைக் கையுறை கிடைத்தது.

இப்போது கார் ஷெட்டில் மூன்றாவது பலகை கவிழ்ந்து கிடக்கிறது. 164 சென்டிமீட்டர். அக்டோபரிலேயே டேப் ஒட்டி, நூல் பிடித்து, கோடும் போட்டாயிற்று. மேலே ஆணியில் புதுப் பின்கள் இரண்டு புது வடத்தோடு தொங்குகின்றன. பெரியவர் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் கதவுக்குள் எட்டிப் பார்க்கிறார். வால் பக்கம் டேப் உரிய ஆரம்பித்துவிட்டது.