யாருடைய நேரம்?
'படைப்பாற்றல்' என்ற கோரிக்கை குறித்துச் சில குறிப்புகள்

தொழிலாளி படைப்பாற்றலோடு இயங்க வேண்டும், ஆசிரியர் நேரத்தை வீணாக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நிறுவனத்தின் செயல்திறன் உயரும். மேலாண்மைச் சொல்லாடல் இப்படித்தான் பேசுகிறது. கவிதைக்கும் கதைக்கும் நாம் ஒதுக்கி வைத்திருந்த 'படைப்பு' தொழிற்கூடத்துக்குப் போய்விட்டதே என்று கோபப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது வேறு: படைக்கச் சொல்பவர் யார்? படைத்தது யாருக்குப் போகிறது?

ஃபிரடெரிக் டெய்லரிடம் ஒளிவுமறைவு கிடையாது. தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் கைக்குள் வைத்திருந்த அறிவை நிர்வாகம் திரட்டி, விதியாக்கி, அவர்களுக்கே உத்தரவாகத் திருப்பித் தர வேண்டும் என்றார், 1911இல் வந்த தன் நூலில். பெத்லஹேம் இரும்பாலையில் நாளுக்கு 12.5 டன் சுமந்தவரை 47.5 டன் சுமக்க வைத்ததாக அவரே பெருமையோடு சொல்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. சுமை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. 1951இல் டொயோட்டா தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தைத் தொடங்கியது. கை மட்டும் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது தலையும் வேண்டும். ஆனால் யோசனையால் மிச்சமாகும் நிமிடத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் கைமாறவில்லை.

டெய்லரின் கடிகாரம் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்த கதையை ரேமண்ட் கலஹன் 1962லேயே எழுதிவிட்டார். நம்மிடம் அது வேறு உருவில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது, பாடத் தயாரிப்பையும் சேர்த்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைகளுக்கு அவரை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. பள்ளிக்கு வெளியே போவதைத் தடுக்கிறது, சரி. பள்ளிக்கு உள்ளேயே வந்து உட்காரும் பதிவேடுகளையும் இணையத்தில் ஏற்றும் விவரங்களையும் என்ன செய்வது? புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அது நடக்கவே இல்லை.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்வோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கியது. குழந்தைகள் பெஞ்சை விட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் கீழே இறங்கினார். இது சின்ன விஷயமில்லை. 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனபோது அதே அட்டை, அதே ஏணி எல்லோருக்கும் உத்தரவாக வந்து சேர்ந்தது. ஒருவரின் கண்டுபிடிப்பு இன்னொருவருக்குப் படிவமாகிவிட்டது. டெய்லர் சொன்னதும் இதைத்தான்.

அப்படியானால் ஆசிரியரைச் சும்மா விட்டுவிடலாமா? இந்த இடத்தில் நம் தோழர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். வகுப்புக்கு வராத ஆசிரியரின் 'சுதந்திரம்' யார் வீட்டுப் பிள்ளையின் நேரம்? வசதியுள்ளவன் டியூஷனுக்கு அனுப்பிவிடுவான். சேரியிலிருந்து வரும் குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு மணி நேரம் கிடையாது. கணக்கே கூடாது என்பது கலகமில்லை, சாதிச் சலுகை.

கணக்கு வேண்டும், ஆனால் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அரசியல். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. மேலதிகாரிக்கு அனுப்பும் படத்துக்குப் பதிலாக, "எம்புள்ளைக்கு ஏன் இன்னும் வாசிக்க வரல?" என்று கேட்கும் ஒரு தாய்க்கு ஆசிரியர் பதில் சொல்லட்டும். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லை. யோசித்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

'பள்ளி' என்பதற்குப் படுக்கை, துறவிகளின் உறைவிடம் என்றெல்லாம் பழைய பொருள்கள் உண்டு. ஆங்கில 'ஸ்கூலு'க்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் ஓய்வுதான். அவசரமில்லாத நேரத்தில்தான் கல்வி நடக்கும் என்பதை இரண்டு மொழிகளும் அறிந்திருந்தன. அன்று அந்த ஓய்வு சிலருக்கு மட்டுமே வாய்த்தது. அதை எல்லோருக்குமானதாக மாற்றுவது நம் வேலை, ஒழித்துக்கட்டுவது செயல்திறன்காரர்களின் வேலை. படைப்பாற்றல் என்ற ஒரே சொல்லை இரண்டு தரப்பும் உச்சரிப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.